கணவாயில் ஒரு பானைச் சோறு

1984

செப்டம்பர் 16, ஞாயிறு

காலையில் தூறல். சிரம்பான் தாண்டியதும் சுள்ளென்று வெயில். கணவாயைப் பார்த்துவிட்டேன், பார்த்தே விட்டேன்!

செல்வம் அண்ணனின் லோரியில் போனோம். முன்னால் அவர், நான், குணா அண்ணன். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நாடகக் குழுவின் மற்ற ஏழு பேர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஆரம்பித்த பாட்டு சிரம்பான் வரை ஓயவில்லை. கோலா பிலா ரோட்டில் வளைவு, இன்னொரு வளைவு, அதற்கப்புறம் இன்னொன்று. பின்னால் ஒருவன் வாந்தி. பாட்டு நின்றது.

புக்கிட் புத்துஸ் கணவாய். இரண்டு பக்கமும் மலை, நடுவே ரோடு. அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு தூரம்? ஒரு கல்லுகூட இல்லலா" என்றார் குணா அண்ணன்.

எனக்கோ கால் தரையில் படவில்லை. இங்கேதான்! நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஆட்சி வேண்டாம் என்று கிளம்பிய மலாய்க்காரர்கள், இந்த இடுக்கில் மரங்களை வெட்டிப் போட்டு, வேலி கட்டி, வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டு வழியாகத்தான் வருவான் என்று முன்பக்கம் காவல். வந்த சிப்பாய்கள் காட்டில் ஏறிச் சுற்றிப் பின்பக்கமாக வந்தார்கள். வேலிக்குள் இருந்தவர்கள் சாப்பாட்டு வேலையில் இருந்தார்கள். முடிந்தது சண்டை.

நூலகத்து ஆங்கிலப் புத்தகத்தில் இதற்குப் பத்து வரி. முதலில் வேலிக்குள் குதித்த வெள்ளைக்காரனுக்குக் கிடைத்த பதக்கத்துக்கே அதில் நான்கு வரி போய்விட்டது. சோற்றில் கை வைத்திருந்தவர்களைப் பற்றி அரை வரி. அந்த அரை வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எட்டு மாதம், ஷா ஆலம் ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் டைப்ரைட்டரை மூடி வைத்துவிட்டுக் கையால் எழுதி எழுதி, இதோ நாற்பது நிமிட நாடகம். என் முதல் நாடகம். அக்டோபர் 6 சனிக்கிழமை, கிள்ளான் கோயில் மண்டபத்தில் நாடக விழா. மூன்று குழுக்கள். நாங்கள் கடைசி.

ரோட்டோரத்தில் வட்டமாக உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்தோம். செல்வம் அண்ணன் பாதியில் நிறுத்திப் பின்னால் திரும்பிக் காட்டைப் பார்த்தார்.

"ஏம்மா மல்லிகா, இந்த மாதிரி குந்திகிட்டு சாப்புடுறப்பவா வந்தானுங்க?"

"ஆமாண்ணே."

அதற்குப் பிறகு அவர் முதுகை லோரிச் சக்கரத்தில் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

கணுக்காலில் அட்டை, இரண்டு. நாளை புரட்டாசி பிறக்கிறது. அம்மா சட்டிபானை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். இனி ஒரு மாதம் பருப்பும் முருங்கையும்.

செப்டம்பர் 19, புதன்

மாலை மழை. ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால் இருக்கும் பூப்பந்துக் கூடத்தில் ஒத்திகை. தகரக் கூரை, ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. கத்தினோம். அதில் சண்டையும் சேர்ந்துகொண்டது.

கு.அ. (குணா அண்ணன், கை வலிக்கிறது, இனிமேல் இப்படித்தான்) தபால் ஆபீஸில் வேலை, மேடையில் பதினைந்து வருஷமாகக் கதாநாயகன். மேடையில் ஒரு தடவைகூடச் செத்ததில்லை. இதில் அவர் பங்ளிமா, கிளர்ச்சிக்காரர்களின் தலைவர். கடைசிக் காட்சியைப் படித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"மல்லிகா, மிச்சம் எங்க?"

"மிச்சம் இல்லண்ணே. சாப்பிடுறீங்க. வர்றாங்க. சுடுறாங்க."

"டயலாக்?"

"இல்ல."

"சாகுறப்பகூடவா?"

"வாயில சோறு இருக்குமேண்ணே."

ஐயோ, அந்த முகம்! பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிய மாதிரி. பிறகு எழுந்து நின்று அவருடைய முடிவை நடித்தே காட்டினார். "இப்படி எந்திரிக்கிறேன். ரெண்டு கையிலயும் பாராங் கத்தி. சரக், சரக், பதினோரு பேரு காலி. கிள்ளான்காரன் விசில்ல கூரை பிச்சிக்கும்."

"நம்மகிட்ட சிப்பாய் மூணு பேர்தானே?"

"செத்தவனே உள்ள போயி வேற சட்டை மாட்டிட்டு வரட்டும்லா. தோத்த கதைய யாரு பாப்பா?"

கோபம் வந்துவிட்டது. ஒரு வரி மாறினாலும் நாடகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றேன். சொல்லத்தான் சொன்னேன். வாங்கிக்கொண்டு எங்கே போவேன்? வேறு எந்தக் குழு ஒரு டைப்பிஸ்டின் நாடகத்தை எடுக்கும்?

"சரி சரி, பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

வெற்றி வெற்றி வெற்றி! வாசம் கடைசி பெஞ்சு வரை போகிறது!

என் நாடகத்தில் சிப்பாய்கள் வேலியைக் கண்டுபிடிப்பது வாசத்தால். காட்டுக்குள் வழி தெரியாமல் நிற்கிறார்கள், கருவாடு வறுக்கும் வாசம் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். (இது என் கற்பனை. புத்தகத்தில் கருவாடு இல்லை.) அதனால் மேடையில் நிஜ அடுப்பு, நிஜக் கருவாடு, அடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி. இன்று சோதனை. குவார்ட்டர்ஸ் பூனைகள் அத்தனையும் கூடத்துக்குள். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, "யாரு வீட்டுலடி, புரட்டாசியில!" என்று கத்தினார்.

யாரும் வாயில் வைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் விரதம்தான். வாசம் பிடிப்பதில் தோஷமில்லை, தின்றால்தான் தோஷம் என்று செல்வம் அண்ணன் தீர்ப்புச் சொன்னார், ஒத்துக்கொண்டோம். வறுத்தது பூனைகளுக்கு.

கு.அ. சோறு பிசைந்து உருட்டும் விதம் அழகு. வெறும் இலையில் வெறும் கையில் செய்தார், எனக்கே பசித்தது. நல்ல நடிகர். வாயைத் திறக்காத வரை.

அக்டோபர் 2, செவ்வாய்

வெயில். தலைவலி. செத்தேன்.

அரை நாள் லீவு போட்டுக் கிள்ளான் போனேன், மண்டபத்தைப் பார்க்க. நல்ல அகலமான மேடை, நடுவில் நீளமான நடைபாதை. சிப்பாய்களை மேடைக்குப் பின்னாலிருந்து விடாமல் ஜனங்களின் முதுகுப் பக்கமிருந்து விட்டால் என்ன என்று தோன்றியது. துள்ளிக்கொண்டே கோயில் செயலாளர் அங்கிளிடம் சாமான் பட்டியலை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"மண் அடுப்பு ஒன்னு. விறகு. மேசை விசிறி. கருவாடு கால் கிலோ."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். திரும்பிச் சன்னிதியைப் பார்த்தார். மறுபடி என்னை.

"இது என்ன கோயிலும்மா?"

"பெருமாள் கோயில் அங்கிள்."

"என்ன மாசம்?"

"பு… புரட்டாசி."

"சனிக்கிழமை எத்தனாவது சனிக்கிழமை?"

"மூணாவது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அடக் கடவுளே! பத்துப் பேர். பத்துப் பேர் வீட்டிலும் கவிச்சி இல்லை. வாயில் வைக்கலாமா கூடாதா என்று நியாயம் எல்லாம் பேசினோம். பெருமாள் மூக்குக்கு நேராக விசிறி வைத்துக் கருவாடு வறுக்கப் போகிறோம் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எழுதிய எனக்குமா!

"அந்தக் காட்சிய எடுத்திருங்க, இல்லன்னா நாடகத்தையே எடுத்திருங்க" என்றார் அங்கிள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மண்டபத்து பப்ளிக் ஃபோனிலிருந்து கு.அ.க்குப் பேசினேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம். "சமையல் காட்சி போச்சா? நல்லதாப் போச்சு. நேரா சண்டைக்குப் போயிருவோம்." வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் சிலருக்குத் தாழிச் சத்தம்தான் சங்கீதம்.

கோயில் மடைப்பள்ளிப் பக்கம் போய் நின்று அழுதேன். ஆமாம், அழுதேன், எழுதி வைக்கிறேன். உள்ளே பார்வதி அக்கா அண்டா கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அன்னதானச் சமையல் அவர் பொறுப்பு. ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. "என்னா வேணும், சொல்லு" என்றார். சொன்னேன்.

"அவங்க சாப்புடணும், அவ்வளவுதானே? கருவாடுதான் சாப்பாடா? மத்தியான அன்னதானத்துல ஒரு பானை சோறும் சாம்பாரும் எடுத்து வைக்கிறேன். சூடு பண்ணிக்க. எங்க சாம்பாரு வாசம் ஸ்டேஷன் வரைக்கும் போகும்லா, விசிறியே வேணாம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கிள் முன்னால் நிறுத்தினார். அங்கிள் பட்டியலில் கருவாட்டை அடித்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு ஒரே நிபந்தனை.

"அது பெருமாள் சோறு. ஒரு பருக்கை கீழ விழக்கூடாது. இலையில வச்சத சாப்பிட்டு முடிக்கணும். நான் முன்வரிசையிலதான் இருப்பேன்."

என் நாடகத்தில் முதல் சிப்பாய் குதிக்கும்போது சோற்றுப் பானையை உதைத்துத் தள்ளுகிறான். அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சரி அங்கிள், சரி அங்கிள், சரி அங்கிள்.

பஸ்ஸிலேயே எழுதிவிட்டேன். பானையை உதைப்பது கிடையாது. பானைக்கு முன்னால் வந்து நிற்கிறான். இது இன்னும் நன்றாக இருக்கிறது! ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

அக்டோபர் 4, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். ஒத்திகை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, செல்வம் அண்ணன் துப்பாக்கியைக் கீழே வைக்கும் வரை.

அவர்தான் சிப்பாய்களின் தலைவன். சாலாக் செலாத்தானில் அவர் லோரியைப் பார்த்தாலே பிள்ளைகள் ரோட்டைவிட்டு ஓடும், அவ்வளவு பெரிய உருவம், அவ்வளவு பெரிய மீசை.

"நான் மாட்டேன்மா. வேற யாரையாவது போடு."

"ஏன்ணே?"

"கருவாடா இருந்தப்ப சும்மா நடிப்பு. இப்ப சாமி சோறு. சோத்துல கை வச்சவன போயி… எங்க வீட்டுல சாப்புடுற நாயகூட எழுப்ப மாட்டாங்க. மூணு வருசமா பேசாத என் மச்சான், அவன் சாப்புட்டு எந்திரிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டு அப்புறம்தான் சண்டைக்கே போனேன்."

"பாத்தியா?" என்று கு.அ. துள்ளினார். "யாருக்குமே புடிக்கல. நான் ஜெயிச்சிட்டுப் போறேன், எல்லாரும் வீட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கட்டும்."

இன்னும் இரண்டு நாள். ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது, விட்டுக்கொடுத்துவிடலாம் என்று. பங்ளிமா ஜெயிக்கட்டும், விசில் அடிக்கட்டும், மாலை போடட்டும். ஆனால் அந்த மலையில் யாரும் ஜெயிக்கவில்லையே. சாப்பிட உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு எழவில்லை. அதைச் சொல்வதற்குத்தானே எட்டு மாதம்? அதையும் மாற்றிவிட்டால் அவர்களுக்கு அந்த அரை வரியும் இல்லை.

செல்வம் அண்ணனிடம் போனேன். "அண்ணே, இப்ப மாட்டேன்னு நின்னீங்கல்ல, அதையே மேடையில செய்யுங்க. துப்பாக்கிய நீட்டிட்டு அப்படியே நில்லுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க. சுடுற சத்தம் என் கையிலதானே இருக்கு? பலகைய நான் அடிக்கிறேன். பாவம் எனக்கு."

மீசையைத் தடவினார். "பாவம் ஒனக்கு, சரியா?"

"எனக்கு."

"எல்லாரும் சாட்சி" என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

கு.அ.விடம் கேட்டேன்: "நீங்கண்ணே?"

"சனிக்கிழமை பாக்கலாம்லா." மறுபடி அந்தப் பாக்கலாம்.

அக்டோபர் 5, வெள்ளி

காலையில் மழை. ஆபீஸில் ஒரே கடிதத்தை இரண்டு தடவை டைப் அடித்தேன், இரண்டிலும் தப்பு.

எடுத்துப் போக வேண்டியவை:
மண் அடுப்பு (அம்மாவுடையது, இன்னும் சொல்லவில்லை)
விறகு, தீப்பெட்டி 2
வாழை இலை 6, கிழிசல் இல்லாமல்
பாராங் 6, அட்டை
துப்பாக்கி 3
பலகை 2 (சுடும் சத்தம், நான்)
கற்பூரம், தேங்காய், மேடைப் பூசைக்கு
கு.அ.க்கு நல்ல புத்தி

அம்மா: "ஏன்டி, தோக்குற நாடகத்துக்கா இத்தன ஆட்டம்?"

அக்டோபர் 7, ஞாயிறு

காலை. வெளியே வெயில் பளிச்சென்று இருக்கிறது. நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்கு எங்கள் முறை. மண்டபம் நிறைந்து வாசலில் நிற்கிறார்கள். எல்லாரும் மத்தியானம் அங்கேயே அன்னதானத்தில் சாப்பிட்டவர்கள். அடுப்பு பற்றவைத்துப் பானையைத் திறந்ததும் முன்வரிசையில் ஒருத்தர், "அட, நம்ம சாம்பாரு!" ஒரே சிரிப்பு. போச்சு என்று நினைத்தேன். இல்லை. அந்தச் சிரிப்பிலேயே வேலிக்குள் இருந்த ஆறு பேரும் அவர்கள் வீட்டு ஆட்கள் ஆகிவிட்டார்கள்.

ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கு.அ. ஒத்திகையில் செய்யாத ஒன்று செய்தார். தானே எழுந்து ஐந்து இலையிலும் பரிமாறினார், கடைசியில் தனக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிஜமாகவே சாப்பிட்டார்கள். பேச்சு இல்லை.

சிப்பாய்கள் மூவரும் வாசல் பக்கமிருந்து, ஜனங்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து, நடைபாதையில் மெல்ல வந்தார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் ஒவ்வொரு வரிசையாகத் தலை திரும்பியது. மேடை ஏறி, பானைக்கு முன்னால் நின்று, செல்வம் அண்ணன் துப்பாக்கியை நீட்டினார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "டேய், சாப்பிட விடுங்கடா!"

உடனே இன்னொன்று. "பாவிங்களா, ரெண்டு வாய் சாப்புடட்டும்டா!" பிறகு மண்டபமே. கிழவர்கள், பிள்ளைகள், மடைப்பள்ளி வாசலில் கரண்டியோடு பார்வதி அக்கா. செல்வம் அண்ணனின் கண்ணில் தண்ணீர், துப்பாக்கியை இறக்கவில்லை. பின்னால் நின்ற பையன்கள் விசில்: "குணா அண்ணே, எந்திரிங்க! பாராங்க எடுங்கண்ணே!"

பதினைந்து வருஷக் கதாநாயகனுக்கு வேறென்ன வேண்டும்? இடது கை பாராங் மேல் போனது. பிடித்துவிட்டார். விசில் காதைக் கிழிக்கிறது. திரைக்குப் பக்கத்தில் நான், இரண்டு கையிலும் பலகை, வாய்க்குள் வேண்டாம் வேண்டாம் வேண்டாம். அவ்வளவுதான், போயிற்று என் நாடகம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் இலையைப் பார்த்தார். இன்னும் ஒரு பிடி இருந்தது. முன்வரிசையில் அங்கிள்.

பாராங்கை விட்டுவிட்டார். அந்த ஒரு பிடியை வழித்து, நிதானமாக உருட்டி, வாயில் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டே செல்வம் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சலும் இல்லை, வீரமும் இல்லை. விருந்தாளி வந்தால் நிமிர்ந்து பார்ப்போமே, அப்படி.

மண்டபம் முழுக்க "விடுங்கடா, விடுங்கடா" என்கிறது. பலகை என் கையில். எனக்கும் விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது, சத்தியமாக.

அடித்தேன்.

ஆறு பேரும் சாய்ந்தார்கள். ஒரு பருக்கை கீழே விழவில்லை. கைதட்டல் இல்லை. திரை இழுக்கிறவர் இழுக்க மறந்து நின்றார், நான்தான் போய் இழுத்தேன். இழுத்த பிறகுதான் அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது, மழை கூரையில் இறங்குகிற மாதிரி.

உள்ளே கு.அ. இன்னும் மென்றுகொண்டிருந்தார். கட்டிப்பிடிக்காத குறையாக, "ஏன்ணே, ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டேன்.

விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சோறு மிச்சம் இருந்துச்சுலா." அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னா எழவு நாடகம் எழுதுற நீ" என்றார். அழுதிருந்தார்.

பரிசு: ஆறுதல். யாருக்கு வேண்டும் பரிசு! வரும்போது லோரியின் பின்னால் நின்றுகொண்டே வந்தேன், முகத்தில் காற்று. உட்காரவே முடியவில்லை.

அம்மா அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல். களிமண் குழைத்துப் பூசினாள்.

அக்டோபர் 8, திங்கள்

மேகமூட்டம். வேலை முடிந்து ஷா ஆலமில் பஸ் ஏறினேன், கிள்ளானிலிருந்து வருகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் காய்கறி நிறைந்த பசார் பை. காது தானாகப் போனது.

"…ஒரு பிடிதான் மிச்சம். அதையும் வழிச்சு வாயில போடுறான் மகராசன். நான் கத்துறேன், விடுங்கடான்னு. கேக்கணுமே?"

"நாடகம்தானேக்கா."

"நாடகமா? நெசமா நடந்ததுன்னு மைக்ல சொன்னாங்களே. ராத்திரி சாப்பாடே எறங்கல எனக்கு. எந்தப் பாவி எழுதுனானோ!"

அடக்க முடியவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்து எட்டி, "நான்தான் ஆன்டி" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், என் ஆபீஸ் கவுன், கைப்பை, செருப்பு எல்லாம்.

"நீயா? ஒரு பொம்பளப் புள்ளையா? சாப்பிட்டு முடிக்க விட்டிருக்கலாம்லம்மா நீ."

"விட்டிருக்கலாம் ஆன்டி. ஆனா அன்னிக்கு வந்தவங்க விடலியே."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். ஃபெடரல் ஹைவேயில் பஸ் ஊர்ந்தது. திட்டு முடிந்தது என்று நான் சாய்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி திரும்பினார்.

"அவங்கள நெனச்சு யாராச்சும் படைக்கிறாங்களா?"

"தெரியல ஆன்டி. மலாய்க்காரங்க. பேருகூட எழுதி வைக்கல."

"யாரா இருந்தா என்னா? பசியோட போனவங்க. தீவாளிக்கு முந்தின நாள் எங்க வீட்டுல செத்தவங்களுக்குப் படையல் போடுவோம். என் மாமனாருக்கு, என் மூத்தவனுக்கு. பக்கத்துலயே இவங்களுக்கும் போட்டுர்றேன். பேரு தெரியாட்டி பரவால்ல. எத்தன பேருன்னு மட்டும் சொல்லு, எல வாங்கணும்ல."

எத்தனை பேர்? எனக்கு எப்படித் தெரியும்? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எங்கள் குழுவில் சிப்பாய்க்கு மூன்று பேர் போக மிச்சம் இருந்தது ஆறு, அதனால் ஆறு.

அவர் காத்திருந்தார், விரலை மடக்கி எண்ணத் தயாராக.

"ஆறு பேர் ஆன்டி" என்று சொல்லிவிட்டேன்.